புதன்கிழமை என் பாடு

இங்கே டென்மார்க்கில், என் மகளின் காப்பக வாசலில் ஒரு திரை இருக்கிறது. குழந்தைகளின் முகங்கள் அதில் வரிசையாக இருக்கும். கூட்டிப் போகும்போது நம் பிள்ளையின் முகத்தைத் தொட்டால் மறைந்துவிடும். சில மாதங்களுக்கு முன்புவரை நான் மூச்சிரைக்க ஓடிப்போய் நிற்கும்போது நிலாவின் முகம் மட்டுமே மிச்சமிருக்கும். காப்பகம் மூடுவது ஐந்து மணிக்கு. முதியோர் இல்லத்தில் என் வேலை முடிவதும் ஐந்துக்குத்தான். இனியும் தாமதமானால் நிலாவுக்கு இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர் போனில், "வேலைய உட்டுடேன்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கூடை சுமந்தவளின் மகள் நான்.

எங்கள் கோட்டைக்குப்பத்தில், ஏரியில் யார் எங்கே எப்போது வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அது ஆண்கள் சமாசாரம். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் அதே பாடு முறையை வைத்தார்கள். மூவர் இறால் விற்கக் கூடையோடு திருப்பாலைவனத்துக்குப் பஸ் ஏறுவார்கள். பாடு விழுந்தவள் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டு, பேன் பார்த்து, தேவைப்பட்டால் நாலு சாத்தும் சாத்துவாள்.

ஒருநாள் நைனா, "நாள் முச்சூடும் புள்ளைங்கள பாத்துக்கினாளே, நாலு இறா குடுக்கக் கூடாதா?" என்றார்.

"இன்னாத்துக்குக் குடுக்கணும்? இன்னிக்கி அவ பாடு, நாளைக்கி என் பாடு. உன் பாடு வந்தன்னிக்கி நீ மீன் புடிச்சா, மத்தவனுக்குக் கும்புடு போட்டுட்டா வர்ற?" என்றாள் அம்மா.

அதை நம்பித்தான், அதே காப்பகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் நான்கு தாய்மாரை வீட்டுக்கு அழைத்து, டீ கொடுத்து, செம்பில் ஐந்து சீட்டைப் போட்டுக் குலுக்கினேன். மாதம் ஒரு குலுக்கல். பாடு விழுந்தவள் ஐந்து பிள்ளைகளையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வாள்; ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பினால் போதும்.

"ஜெயித்தால் என்ன பரிசு?" என்று கேட்டாள் மேல்மாடி மெட்டே.

"ஐந்து குழந்தைகள்" என்றேன்.

முதல் புதன்கிழமை என் பாடு. மகனைக் கூட்டிப் போக வந்த மெட்டே நன்றியாக ஒயின் பாட்டிலை நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது; நட்பையே மறுக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். மறுநாள் அவள் பாடு. நான் ஆற அமரப் போய் நிலாவைத் தூக்கிக்கொண்டு, நன்றி என்ற சொல்லே இல்லாமல் கிளம்பினேன். ஒரு கணம் முறைத்தவள், சிரித்துவிட்டாள். இப்போது அவளும் "பாடு" என்றே சொல்கிறாள். என் வேலை நிலைத்தது, நிலாவின் இடமும் நிலைத்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். ஊரிலும் குலுக்கல் நிற்கவில்லையாம். கூடைக்குப் பதிலாக அண்ணி இப்போது கம்பெனி வேன் ஏறுகிறாள்.

"உன் பேருக்கும் ஒரு சீட்டு போட்டுக்கினுதான் கீறேன்டி" என்றாள் அம்மா.

"நான்தான் அங்க இல்லியேம்மா?"

"உன் பாட்ட நான் பாத்துக்குறேன். நாளைக்கி நீ வந்து நின்னா, உனுக்குப் பாடு இல்லன்னு ஒருத்தி சொல்லக் கூடாது."

இந்த மாதம் இரண்டு செம்பிலும் எனக்குப் புதன்கிழமைதான் விழுந்திருக்கிறது. இங்கே ஐந்து பிள்ளைகளுக்கு நான் சோறு போடுகிறேன். அங்கே என் பேரில் அம்மா போடுகிறாள்.