கழுவும் அறையில் இருந்த வாளி

இன்று நினைத்தாலும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம். திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில், கடல்மீனிலிருந்து எடுத்த ஒளிரும் பாக்டீரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தேன். தினமும் காலையில் ஒரு சொட்டைப் புதுக் கரைசலுக்கு மாற்றிவிட்டு, பழசைக் கொட்டச் சொல்வேன். அத்தனை சுத்தம் பார்த்தும், மூன்று மாதமாக என் குடுவைகளில் ஒளியே இல்லை.

குடுவை கழுவும் முத்துப்பேச்சி மேல் பாய்ந்தேன். போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவள், என் வயதுதான். எனக்கோ நகரத்துச் சாலைக் கடைத்தெரு இரைச்சலில் வளர்ந்த தொண்டை.

"சோப்புப் போக அலசத் தெரியாதா? எல்லாம் உன்னாலதான் பாழாப்போச்சு!"

ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. அவள் அழவில்லை.

"ஒரு நிமிஷம் வாங்க மேடம்."

ஜன்னல் இல்லாத கழுவும் அறைக்கு அழைத்துப்போய், கதவைச் சாத்தி விளக்கை அணைத்தாள். கழிவு வாளியை லேசாக ஆட்டினாள். வாளி முழுக்க நீலமாக ஒளிர்ந்தது.

"நீங்க கொட்டச் சொன்னதுதான். தினமும் மின்னுது. நீங்க எங்கிட்ட கேக்கவே இல்லியே."

பாக்டீரியாக் கூட்டம் பெருகி, அவை ஒன்றுக்கொன்று விடும் வேதிச் செய்தி நிறைந்தால்தான் ஒளிரும். அந்தச் செய்தியைத்தான் நான் தினமும் கொட்டியிருக்கிறேன்.

கட்டுரையில் "தற்செயலாகக் கவனிக்கப்பட்டது" என்று எழுதினேன். கவனித்தவள் பெயரை எழுதவில்லை. பதவி உயர்வு எனக்கு வந்தது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், உண்மைதான். கத்தியது எல்லோர் முன்னாலும். மன்னிப்புக் கேட்டது, கதவு சாத்தியிருந்த அந்த இருட்டில்.