சேறு இழுக்காது என்ற விதி

தொடுகைக் கணிப்பில் விதி தெளிவானது: ஒரு பொருள் இன்னொன்றுக்குள் புகக்கூடாது, தொட்டால் தள்ளலாம், இழுக்கக்கூடாது, விலகிவிட்டால் இரண்டுக்கும் இடையே விசையே இல்லை. நெளியும் ரப்பரும் குழையும் மண்ணும் ஒன்றையொன்று எப்படி அழுத்தும் என்று கணினியில் கணக்கிடுவதுதான் ஜெர்மனியில் எனக்கு வாய்த்த உத்தியோகம். இந்த விதியை ரப்பரைவிட ஒழுங்காகப் பின்பற்றுபவர் என் பக்கத்து வீட்டு அம்மாள் ஃப்ராவ் கெல்லர். படியில் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி, "ஹலோ" என்று வழிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு, பல நாட்களில் என் காதில் விழும் ஒரே மனிதக் குரல் அதுதான்.

ஓய்வுக்கு முன் எங்கள் நிறுவனம் நடவு இயந்திரத்துக்கு ஒரு சக்கரம் செய்தது. திரையில் அது சேற்றில் அமிழ்ந்து அழகாக மேலெழுந்தது. ஒரத்தநாட்டில் என் தம்பி ஆரோக்கியம், "எங்கண்ணன் கணக்குப் போட்ட சக்கரம்" என்று ஊரெல்லாம் சொல்லி முதல் ஆளாக வாங்கினான். முதல் வயலிலேயே களிமண் அதைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே, ஒங்க சக்கரம் நம்ம வயல்லயே குடியேறிடுச்சு. ரேஷன் கார்டுல பேரு சேத்துடவா?" என்று போனில் சிரித்தான். பிறகு குரல் மாறியது. "நாத்து முத்துதுண்ணே. ஊரே வேடிக்கை பாக்குது. ஒங்க ஆபீஸ்ல என்னன்னு கேளுங்க. பதில் வந்ததும் பேசுவோம்."

நாங்கள் கணக்கிட்டது மணற்பாங்கான மண்ணை. நம் களியோ பிடித்து இழுக்கும். ஒட்டுவிசையைச் சேர்க்க வேண்டும் என்றேன். பிரிவுத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வயலில் இறங்கும் முன் சேற்றை அகற்றிவிடச் சொல்லுங்களேன்" என்றார். சேறுதான் வயல் என்றேன். "அப்படியானால் காய்ந்த பிறகு நடட்டும்" என்றார்.

நடைமுறை எனக்குத் தெரியும். பிழையறிக்கை, நகல், நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல். அதற்குள் கேக் வெட்டி என்னை வழியனுப்பிவிட்டார்கள். தம்பி ஆள் வைத்து நட்டு முடித்தான், அழைக்கவில்லை. சொல்லப் பதில் இல்லாததால் நானும் அழைக்கவில்லை. தொடாத இரு பொருட்களுக்கு இடையே இழுப்பு இருக்கக்கூடாதாம். ஞாயிறு பூசை முடிந்து டிராமில் தனியாகத் திரும்பும்போதெல்லாம், அந்த விதியை எழுதியவருக்குத் தம்பி இருந்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருவழியாக நிறுவனத்திலிருந்து பதில் கடிதம் வந்தது. ஒட்டுவிசை சேர்க்கப்பட்டுவிட்டது, சம்பா நடவுக்கு முன் மாற்றுச் சக்கரம் அனுப்புவார்கள். உடனே ஊருக்கு அழைத்தேன். எடுத்தது தம்பி மனைவி.

"நல்லாருக்கீங்களா அத்தான்? அவரு வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்காரு. இத்தன நாளா ஒங்க போன் வரும்னு கையிலயே வச்சிருந்தாரு. நடக்கறப்ப எதுக்குன்னு முந்தாநேத்துதான் வீட்டுல வச்சிட்டுப் போனாரு."

கடிதத்தோடு ஜன்னலோரம் நின்றேன். கீழே டிராம் போனது. வெறுங்காலோடு அவன் இந்நேரம் திருத்துறைப்பூண்டியைத் தாண்டியிருப்பானா என்று மனம் கணக்குப் போட்டது. பதில் வந்த தேதி ஆகஸ்ட் இருபத்தொன்பது. அன்றுதான் வேளாங்கண்ணி மாதா கோவிலில் திருவிழாக் கொடியேற்றம்.