மாப்பசை சுற்றிய தாழி

பல்கலைக்கழகத்தில் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களிடம் ஐயா, "சரித்திரம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். நான் சரித்திரத்தோடு சேர்த்துப் பழம்பொருட்களையும் சிற்பம் ஓவியங்களையும் பழுதுபடாமல் பேணும் பயிற்சியும் எடுத்துக்கொண்டிருந்தேன். அதை அவர் வெளியில் சொல்வதில்லை. ஒருமுறை சொல்லி, எங்கள் ஊர்ப்பக்கத்து ஒட்டுசுட்டான் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பை அவர் மறக்கவில்லை.

"உடைஞ்ச பானை ஒட்டுறதுக்கும் யூனிவேர்சிற்றியோ அண்ணை?"

அவர்கள் கேட்டதில் பெரிய பிழையும் இல்லை. முதல் தவணை முழுவதும் நாங்கள் பானைதான் ஒட்டினோம். சந்தையில் புதுச் சட்டி வாங்கி, அதை நாங்களே நிலத்தில் போட்டு உடைத்து, துண்டுகளைப் பொறுக்கிப் பழையபடி பொருத்தவேண்டும். தெற்கே காலி நகர்ப் பக்கத்திலிருந்து வந்த சிங்களப் பிள்ளை ஒருத்தி என் மேசையில் வேலை செய்தாள். அவள் தன் சட்டியைத் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி எறிந்துவிட்டாள். மற்றவர்களின் சட்டிகள் ஒட்டி முடிந்து அலுமாரிக்குப் போன பிறகும் அவளுடையது மணல் தட்டில் பாதியாகவே நின்றது. நான் கூட இருந்து துண்டு தேடிக் கொடுத்தேன். அப்படித்தான் சிநேகிதமானோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில் கதைத்துச் சிரித்தோம்.

ஒட்டுவதைவிடக் கஷ்டம், கையை வைக்காமல் இருப்பது. தொடுவதற்கு முன் வரையவேண்டும், படம் எடுக்கவேண்டும். அழுக்கென்று தெரிவதைக் கழுவ அவசரப்படக்கூடாது. இன்று நாம் பூசுவதை நாளை இன்னொருவர் கரைத்து எடுக்க முடியவேண்டும். எங்கள் விரிவுரையாளர் இதையெல்லாம் அழகாகச் சொல்வார். ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்துவிட்டால் அவருடைய விரல்கள் நடுங்கும். உடைந்துவிடுமோ என்ற பயம் அவரைவிட்டுப் போனதே இல்லை.

இரண்டாம் வருட விடுமுறைக்குச் சற்று முன் எங்கள் ஊரான குடியேற்றத் திட்டத்தில் புது வாய்க்கால் வெட்டினார்கள். கரை சரிந்து ஒரு பெரிய தாழியின் தோள் வெளியே தெரிந்தது. அந்தக் காலத்தில் இறந்தவர்களின் எலும்புகளை வைத்துப் புதைத்த தாழி. செய்தி மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரி வழியாகப் பல்கலைக்கழகம்வரை போக, எங்கள் வகுப்பின் களப்பயிற்சி என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்துக்கே வந்துவிட்டது. வகுப்பில் படித்த பெடியங்களும் விரிவுரையாளரும் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். நானும் காலிப் பிள்ளையும் எங்கள் வீட்டில்.

அம்மாவுக்கு அவளைக் கண்டவுடன் பிடித்துவிட்டது. கதைக்க மொழி இல்லாத குறையைச் சோற்றால் தீர்த்தா. அவள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் "காணும்"; போதும் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். அதை அவள் சொல்லச் சொல்ல அம்மா இன்னும் ஒரு அகப்பை போடுவா. கடைசியில் அவள் என்னிடம், "அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

ஆனால் தாழி விஷயத்தில் அம்மா கண்டிப்பு. வாய்க்கால் பக்கம் வரவே மாட்டேன் என்றுவிட்டா. பின்னேரம் நாங்கள் திரும்பும்போது கிணற்றடியில் வாளியில் தண்ணீர் நிறைந்திருக்கும்.

"ரெண்டு பேரும் வடிவா முழுகிப்போட்டுத்தான் குசினிக்குள்ள வரவேணும். செத்தவன்ர பானையைத் தொட்ட கை."

மண்ணை மெல்ல மெல்ல விலக்கியபோதுதான் தாழியின் நிலைமை தெரிந்தது. கழுத்திலிருந்து அடிவரை வெடிப்பு. உள்ளே இறுகியிருந்த மண்தான் அதைத் தாழியாக வைத்திருந்தது. கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் கட்டுவதுபோல, பிளாஸ்டரில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டித் தூக்குவதாகத் திட்டம். கொண்டுவந்த பெட்டியைத் திறந்து பார்த்தால் வரும் வழியில் ஈரம் பட்டு முக்கால்வாசிப் பிளாஸ்டரும் கட்டி கட்டியாக இறுகிப்போயிருந்தது. மிச்சம் கழுத்துக்கு மட்டும்தான் போதும்.

விரிவுரையாளர் மரநிழலில் போய் இருந்துவிட்டார். பிளாஸ்டர் கொழும்பிலிருந்து வரவேண்டும். அதற்குள் விதைப்புக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். "மூடிவிட்டுப் போவதுதான் ஒரே வழி. தண்ணீர் எடுத்துக்கொண்டு போனால் போகட்டும்" என்றார்.

காலிப் பிள்ளைதான் கேட்டாள், "சேர், மாப்பசை சரிவராதா?" அவளுடைய ஊரில் வெசாக் பண்டிகைக்குக் கட்டும் விளக்குக் கூடுகளுக்கு வீட்டில் கோதுமை மாவைக் காய்ச்சித்தான் கடதாசி ஒட்டுவார்களாம். காய்ந்தால் பலகைபோல இறுகுமாம். சாக்கைக் கீலம் கீலமாகக் கிழித்து அதில் நனைத்துச் சுற்றினால் என்ன? பிறகு ஈரத்துணி வைத்தால் கழன்றுவிடும்தானே?

அவர் எழுந்து, "மா எங்கே எடுக்கலாம்?" என்று என்னைக் கேட்டார்.

வீட்டில் போய் விஷயத்தைச் சொன்னதும் அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டா.

"செத்தவனுக்கு நான் கூழ் காய்ச்சுறதோ? அதுவும் வெள்ளிக்கிழமை!"

"கூழ் இல்லையம்மா, பசை."

"எல்லாம் ஒண்டுதான். என்ர அடுப்பில ஏலாது."

சொன்னாவே தவிர, கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பெரிய கிடாரத்தை ஏற்றியதும் அவாதான். எனக்கும் காலிப் பிள்ளைக்கும் கட்டிபடாமல் கிண்டத் தெரியவில்லை என்று துடுப்பைப் பறித்துக்கொண்டா. ஐயா நெல்லுச் சாக்குகளைக் கிழித்துத் தந்தார்.

முதலில் தாழிக்கு மேல் ஈரக் கடதாசி ஒட்டி, அதன்மேல் பசை தோய்ந்த சாக்குக் கீலங்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினோம். வெயில் எங்கள் பக்கம் நின்றது. எறும்புகள் நிற்கவில்லை. சாம்பலால் வட்டம் போட்டு அதைச் சமாளித்தோம். அடுத்ததாக, பசையின் வாசத்துக்கு அயல் வளவுப் பசுமாடு ஒன்று வந்து ஒரு பக்கச் சாக்கை நக்கத் தொடங்கியது. விரிவுரையாளர் கத்தியபடி ஓடினார்; மாடு அவரைச் சட்டை செய்யவில்லை. அன்றிலிருந்து தாழி காயும்வரை ஐயா வயல் வேலையை விட்டுவிட்டுத் தடியோடு அங்கே ஒரு கதிரையில் காவல் இருந்தார். தேநீர்க் கடைக்காரர்கள் வந்து பார்த்தபோது, "இது லேசான படிப்பில்லை, தெரியுமோ?" என்று அவர்களுக்கு விளக்கம் வேறு சொன்னார்.

தூக்குகிற அன்று அடியில் பலகைகளைச் செருகிக் கயிறு கட்டினோம். பெடியங்கள் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். விரிவுரையாளர் கண்ணை மூடிக்கொண்டு, "மெதுவாக, மெதுவாக" என்று சொல்லிக்கொண்டே நின்றார். மண்ணிலிருந்து அது விடுபட்ட சத்தம் ஒரு பெருமூச்சுப் போலிருந்தது. எதுவும் உதிரவில்லை. வைக்கோல் பரப்பிய உழவு இயந்திரப் பெட்டிக்குள் அதை இறக்கியதும் காலிப் பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

அப்போதுதான் அம்மாவைக் கண்டேன். வாய்க்கால் கரையில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

"ஆம்பிளையோ, பொம்பிளையோ?" என்று கேட்டா.

"தெரியாது அம்மா" என்றாள் காலிப் பிள்ளை தமிழில்.

"ஆரோ பெத்த பிள்ளை. குலுக்காமல் கொண்டு போங்கோ" என்றா அம்மா.

மாங்குளம் ஸ்டேசன்வரை உழவு இயந்திரம் நடையைவிட மெதுவாகப் போனது. பிறகு றெயிலில் கண்டிக்கு, பல்கலைக்கழகத்துக்கு. அடுத்த தவணை முழுவதும் எங்கள் கூடத்தில் புளித்த மாவின் மணம். ஈரப்பஞ்சால் சாக்கைக் கழற்றிக் கழற்றி, தாழியைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி பொருத்தினோம். தோளில் ஒரு துண்டு எங்கும் கிடைக்கவில்லை. அந்த இடத்தை வேறு நிறத்தில் நிரப்பினோம். இல்லாததை இருந்ததுபோலக் காட்டக்கூடாது என்பது பாடம். எலும்பைப் பரிசோதித்தவர் அநேகமாக ஒரு பெண், வயது அதிகமில்லை என்றார். விடுமுறையில் அதை அம்மாவிடம் சொன்னபோது, "பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனா.

எனக்கு அந்தத் துறையில் வேலை கிடைக்கவில்லை. புதுக்குடியிருப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தேன். காலிப் பிள்ளைக்குப் பழம்பொருட்கள் வைக்கும் ஒரு நூதனசாலையில் இடம் கிடைத்தது. வேலைக்குச் சேருமுன் அவள் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து சில நாள் நின்றாள். தாழி வேலை எதுவும் இல்லாமல் வந்த வருகை அது. பின்னேரத்தில் அம்மாவும் சேர்ந்து மூவரும் குளத்துக்குப் போவோம். அவளுக்கு நீந்தத் தெரியும்; கடற்கரையில் வளர்ந்தவள். நடுக்குளம்வரை போய்விட்டு அங்கிருந்து கையை ஆட்டுவாள். அம்மா கரையில் நின்று, "காணும், வா பிள்ளை!" என்று கத்துவா. அவள் அது காதில் விழாதவள்போல இன்னும் கொஞ்சத் தூரம் நீந்திப் போவாள்.