சாக்குப் போர்த்திய விளக்கு

கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் சோலார் பூச்சிப்பொறி பொருத்துவது என் வேலை. பொழுதுபட்டால் விளக்கு தானாக எரியும். தேடி வரும் பூச்சிகள் அடியிலுள்ள தண்ணீர்த் தட்டில் விழுந்து சாகும். வெள்ளைத் தொப்பியும் மண்ணேறிய சாரமுமாக நிற்கும் ஒரு தோட்டக்காரர் மட்டும், வாடைக்காற்று வீசும் மாலைகளில் விளக்கைச் சாக்கால் மூடிவிடுவார். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்.

"ஏன் நானா மூடுறீங்க?"

"காத்து மன்னார்ப் பக்கத்தால வருது தம்பி. இன்டைக்கு வாறதெல்லாம் எங்கட ஊர்ப் பூச்சி."

"வெங்காயத்தைத் தின்னுமே."

"தின்னட்டும். நாங்க வந்திறங்கின நேரம் இந்த ஊராக்கள் எங்களுக்குச் சோறு தந்தாங்கதானே."

அடுத்த முறை போனபோது, ஓட்டை விழுந்த வெங்காயத் தாள்களைத் தடவிக்கொண்டு நின்றார். போர் முடிந்து பாதை திறந்திருந்த காலம். ஊருக்குப் போகலாமே என்று சொல்ல வந்தவன், கீழே கிடந்த சாக்கை எடுத்து அவரிடம் நீட்டினேன்.