அப்பாவின் படம்

அப்பா இறந்த அன்று பந்தலில் வைக்கும் ஃபிளெக்ஸுக்கு அவர் படம் தேவைப்பட்டது. எல்லாப் படமும் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. திறந்தால், பாதுகாப்புக் கருதி அவற்றை இணையத்துக்கு மாற்றிவிட்டதாகவும், பார்க்க வேண்டுமானால் பாஸ்வேர்டு போட வேண்டும் என்றும் சொன்னது. யாரைக் கேட்டு மாற்றியது? என்னைத்தான் கேட்டிருக்கும். நானும் வழக்கம்போல் படிக்காமலே சம்மதித்திருப்பேன். எனக்குத் தெரிந்த பாஸ்வேர்டுகள் எதையும் அது ஏற்கவில்லை.

தாடிக்கொம்பு ஃபிளெக்ஸ் கடைக்கு வெறுங்கையோடு போனேன்.

"விடுங்கண்ணே, அப்பா எங்கிட்ட இருக்காரு," என்றார் கடைக்காரர். என் தங்கை மகள் காதுகுத்துக்கு அவர் அடித்த பேனரில், அப்பா சிரித்தபடி கைகூப்பி நின்றார்.

"துக்க வீட்டுல சிரிச்ச முகமாவா?"

"வாரவகள வாங்கன்னு கூப்புடட்டும்ணே."

பந்தலுக்கு வந்த பலர் அந்தப் படத்துக்குப் பதில் வணக்கம் வைத்தார்கள். நான் அவர் மகன் என்பதை என் கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் நம்பவில்லை.