பல்செட்டுக்காரர் வீட்டு மரம்

பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர் அவர். முப்பத்திரண்டு வருடமாக வீட்டின் பின்னறையில் அதே ஜன்னலோரம், அதே மேஜை. ஊரில் எத்தனையோ வாய்களுக்குள் அவர் வேலை இருந்தது; அவர் வாய் மட்டும் அவ்வளவாகத் திறக்காது. மனைவி இறந்த பிறகு சுத்தமாக அடைத்துக்கொண்டது. துக்கம் கேட்க வந்தவர்கள், "இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்காரே மனுஷன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே பேசிக்கொண்டார்கள். அவர் காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றியது.

ஜன்னலுக்கு எட்டடி தள்ளி மரம். இரண்டு பேர் கைகோத்தாலும் அடங்காத அடிமரம். அதில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்ததைப் பக்கத்து வீட்டு டீச்சர்தான் முதலில் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய படுக்கையறை.

"அண்ணே, மரம் எங்க பக்கம்தான் சாஞ்சிருக்கு. காத்தடிச்சா எனக்குத் தூக்கமே போயிடுது."

"சுரண்டிப் போட்டுடறேன்மா."

மெழுகு சீவும் கத்தியால் சுரண்டினார். பழைய செருப்பைக் கீறுவது போலிருந்தது. இரண்டே மாதத்தில் முன்னைவிடப் பெரிதாக வந்து நின்றது. மறுபடி சுரண்டவில்லை, மரம் வெட்டுகிறவரை வரச் சொன்னார்.

வந்தவர் மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒரு பக்கம் கெட்டிச் சத்தம், மறுபக்கம் காலி டிரம். வேரிடுக்கில் கம்பியைச் செருகினார். முழங்கை நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு போயிற்று.

"வெளிய தெரியறது கொஞ்சம்தான் சார். உள்ள வேர் வரைக்கும் உளுத்துப்போச்சு. மேல பச்சையா இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க."

"கிளைய மட்டும் கழிச்சா?"

"நிக்கறதுக்குக் கால் வேணுமே சார்."

"சரி, வெட்டிடுங்க."

இவ்வளவு சீக்கிரம் தலையாட்டுவார் என்று மரம் வெட்டுகிறவர் எதிர்பார்க்கவில்லை. "எதுக்கும் வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

"கேக்க ஆளில்ல."

இருபது வருடம் மனைவி கேட்டிருக்கிறாள்: இலை விழுந்து கூரைத் தண்ணீர்க் குழாய் அடைக்கிறது, வெட்டித் தொலையுங்கள் என்று. இவர் மசியவே இல்லை. "என்ன விட்டாலும் விடுவீங்க, அந்த மரத்த விடமாட்டீங்க" என்பாள். அதை இப்போது வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தார். உள்ளே ஏதாவது அசையும் என்று காத்திருந்தார். ஒன்றும் அசையவில்லை. மேஜைக்குத் திரும்பினார்.

வெட்ட இரண்டு நாள் ஆயிற்று. கிளை கிளையாகக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அடிமரத்தின் நடுவில் மரமே இல்லை. ஊறின அட்டை மாதிரி ஏதோ உதிர்ந்தது. அடுத்த பெருங்காற்றுக்குத் தாங்கியிருக்காது என்றார்கள். டீச்சர் கும்பிட்டு நன்றி சொன்னாள். "பரவாயில்லம்மா" என்றார்.

வெளியூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். "வெட்டியாச்சாப்பா? கஷ்டமா இருக்கா?"

"எதுக்கு?"

"அம்மா போனப்பவும் இப்படித்தான்..." பாதியில் நிறுத்திவிட்டாள்.

"எனக்கே தெரியலம்மா" என்றார். "அழணும்னுதான் இருக்கு. வரமாட்டேங்குது."

அவரிடமிருந்து அவ்வளவு நீளமான பேச்சை அவள் கேட்டு மாதங்களாகிவிட்டன. அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. அவள் ஓய்கிற வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுவாரம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், மேஜை முழுக்க வெயில். மெழுகில் பதித்து வைத்திருந்த பற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. முப்பத்திரண்டு வருடத்தில் அந்த மேஜைக்கு வெயில் வந்ததே இல்லை. டீச்சரின் கணவரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேஜையை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினார்கள். முதலிலிருந்து செய்ததில் ஒரு நாள் தாமதம்.

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் டாக்டர்.

"வெயில்ல மெழுகு இளகிடுச்சு, டாக்டர்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பல் அச்சை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.