ரப்பர் கன்றுகளுக்கு நடுவே அக்கா அறுத்த நெல்

எங்கள் அக்காவின் பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. ஆகவே எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அக்கா பிறந்து வளர்ந்தது வலியசாலையில். எங்கள் அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்து, பழவங்காடியில் ஒரு பூஜைச் சாமான் கடையில் கணக்கு எழுதிவந்தார். அக்கா கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது அப்பா காலமானார். அக்கா பரீட்சை எழுதி அரசு வேலையில் சேர்ந்தார். அம்மாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்டதும், என்னைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்து கொடுத்ததும் அவர்தான். எனக்கு வரன் முடிந்த பிறகே தன் கல்யாணப் பேச்சை எடுக்க விட்டார்.

அக்காவை அன்பானவர் என்று இந்த நாட்களில் பலரும் சொன்னார்கள். கண்டிப்பானவர் என்று சொன்னால் இன்னும் பொருந்தும். அவர் வீட்டில் சாப்பிட்டவர்கள் இலையில் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தது கிடையாது. எழுந்திருக்க அவர் விட்டதில்லை.

வித்துராவுக்குப் பக்கத்தில் அத்தானுக்குப் பங்காக வந்த நிலம் கொஞ்சம் உண்டு. அதில் நின்ற ரப்பர் மரங்கள் பால் வற்றிப்போனதால், அவற்றை வெட்டிவிட்டுப் புதுக் கன்றுகள் நட்டார்கள். அப்போது அக்கா ஓய்வு பெற்றிருந்தார். கன்றுகளுக்கு நடுவே கிடக்கும் இடத்தில் நெல் விதைக்கலாம் என்று அவர் சொன்னதும் வீட்டில் பேச்சு வளர்ந்தது. மேட்டு நிலத்தில், மழையை மட்டும் நம்பி விளையும் நெல் அது. மலையாளத்தில் கரநெல் என்பார்கள்.

“இந்த வயசுல நமக்கு என்னத்துக்கு விவசாயம்? கடையில அரிசி இல்லியா?” என்றார் அத்தான். அவர் வங்கியில் வேலை பார்த்தவர். செருப்பில்லாமல் மண்ணில் கால் வைக்க மாட்டார்.

“ரப்பர் பால் தர ஏழு வருசம் ஆவும். அதுவரை புல்லு வளருகதைப் பாத்துக்கிட்டு இருக்கவா?” என்று அக்கா கேட்டார்.

சித்திரை மழை பெய்ததும் அக்கா விதைத்தார். அத்தான் காரை விட்டு இறங்கவில்லை.

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது அக்காவுக்குத் தண்ணீர் விழுங்கவே சிரமமாக இருந்தது. பரிசோதனையில் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அக்கா அழவில்லை. சிகிச்சை எத்தனை மாதம் என்று மருத்துவரிடம் கேட்டார். கதிர்வீச்சுக்குத் தினமும் வரவேண்டும், சனி ஞாயிறு மட்டும் விடுப்பு என்றார்கள். வெளியே வந்ததும் என்னிடம் அவர் சொன்னது, “அப்ப நெல்லை யாரு பாத்துக்கிடுவா?” என்பதுதான்.

மறுநாள் இரண்டு வேட்டியும் மருந்துப் பெட்டியும் எடுத்துக்கொண்டு அத்தான் வித்துரா பஸ் ஏறினார். ரப்பர் ஷீட் உலர்த்தும் பழைய கொட்டகையில் தங்கினார். பன்றி இறங்கும் பக்கமெல்லாம் தகரம் கட்டி வேலி போட்டார். பக்கத்துத் தோட்டத்து சாந்தா சேச்சி அவருக்குச் சோறு கொடுத்தார். நான் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நெல்லில் கதிர் வந்ததிலிருந்து அத்தான் தினமும் போனில் படம் அனுப்புவார். அக்காவின் குரல் அடைத்துப்போயிருந்தது. படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “ஆவல, நிக்கட்டும்” என்று கிசுகிசுப்பார். அதை நான் அத்தானுக்குச் சொல்வேன்.

ஓணம் கழிந்த வாரம் நெல் முற்றியது. மழைக்கோளும் கூடியது. ஒரு நாள் விடுப்பு கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்த்தோம். கூடாது என்றார்.

“ரெண்டு நாள் பொறுக்கலாம், அவ வந்து பாக்கட்டும்” என்றார் அத்தான் போனில்.

அக்கா என் கையிலிருந்த போனைத் தன் பக்கம் இழுத்து, “நெல்லு எனக்காக நிக்காது. அறுங்க” என்றார்.

சித்தப்பா மக்கள் ஓண விடுமுறையில் இருந்ததால் வலியசாலையிலிருந்து வித்துராவுக்குப் போனார்கள். அவர்களில் யாரும் அரிவாள் பிடித்ததில்லை. “பேடிக்கண்டா, ஞங்கள் உண்டல்லோ” என்று சாந்தா சேச்சி, பயப்பட வேண்டாம் நாங்கள் இருக்கிறோமே எனத் தைரியம் சொல்லி, தன் வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு நிலத்தில் இறங்கினார். மத்தியானத்துக்குள் கதிரெல்லாம் கொட்டகைக்குள் வந்துவிட்டது. கொட்டகை வாசலை ஒட்டி ஒரு சிறு துண்டு மட்டும் நின்றது. அதை அறுக்க அத்தான் விடவில்லை. பச்சையாக இருக்கிறது என்றார். மேலே தார்ப்பாய் கட்டினார். அன்று மாலை பெய்த மழையில் தார்ப்பாய் கிழிந்து, அந்த நெல் முழுவதும் மண்ணில் சாய்ந்தது.

சனிக்கிழமை அக்காவைக் காரில் அழைத்துப் போனேன். அக்கா இறங்கியதும் கண்ணில் பட்டது அந்தத் துண்டுதான்.

“இதை இப்பிடிப் போட்டது ஆரு?”

“பச்சையா இருந்தது” என்றார் அத்தான்.

அக்கா குனிந்து ஒரு கதிரை எடுத்துப் பார்த்தார். சில மணிகளில் முளை கட்டியிருந்தது. “இதா பச்சை?” என்றார். அத்தான் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, “ஏட்டி, அரிவாளை எடு” என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுத்தார். கைக்கு எட்டியதை அறுத்து முடித்ததும் அத்தான் நாற்காலியை நகர்த்திப் போடுவார். நாங்கள் உதவிக்குப் போனபோது வேண்டாமென்று கை காட்டினார். ஒரு தாளும் விடாமல் அறுத்து முடிக்க வெகுநேரம் ஆனது. மண் ஒட்டிய கதிர்களை அத்தான் கழுவிக் கழுவிக் கட்டினார்.

முன்பே அறுத்துக் காயவைத்த நெல்லில் கொஞ்சம் குத்தி, விளக்கேற்றி, சர்க்கரைப் பாயசமும் சோறும் வைத்தோம். அறுக்க வந்தவர்கள் எல்லோரும் கொட்டகையில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். அக்காவால் சோறு விழுங்க முடியாது. கஞ்சியாக வைத்து, வடிகட்டி, டம்ளரில் கொடுத்தேன். மெல்ல மெல்லக் குடித்தார். எல்லோரும் சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்ஙனெ உண்டு, சேச்சி?” என்று சாந்தா சேச்சி கஞ்சியின் ருசியைக் கேட்டார்.

“உப்பு போதாது” என்றார் அக்கா.

சிகிச்சையால் அவருக்கு நாக்கில் ருசி தெரிவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தான் எழுந்துபோய் உப்பு எடுத்து வந்து போட்டுக் கலக்கிக் கொடுத்தார். அக்கா மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அதன் பிறகு சில மாதங்கள் நன்றாக இருந்தார். இட்லி சாப்பிட முடிந்தது. இந்தச் சித்திரையிலும் விதைத்தார், அத்தானையும் விதைக்க வைத்தார். ஆனியில் நோய் திரும்பி வந்து நுரையீரலைப் பிடித்தது. வலியசாலை வீட்டில், எங்கள் கண் முன்னால் அமைதியாகப் போனார்.

கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த அடுத்த வீட்டாருக்கும், வித்துராவிலிருந்து பஸ்ஸில் வந்து ஆஸ்பத்திரியில் எனக்குத் துணை இருந்த சாந்தா சேச்சிக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற சித்தப்பா மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிலத்தை இனி விற்றுவிடலாமே என்று அத்தானிடம் சிலர் கேட்டார்கள். “அவ விதைச்சது நிக்குதுல்லா” என்றார் அவர். அடியந்திரம் முடிந்ததும் வித்துராவுக்குப் போகிறார். ஓணம் கழிந்து அறுப்பு இருக்கும். வர விரும்புகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் அதற்குத் தகுந்தபடி உலையில் அரிசி போடலாம் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.